கட்டத்தை மட்டும் குலுக்கிப் போட்டால் கடல் ஆகிவிடுமா?

கேள்வி: 6 பிப்ரவரி 2023

முதுநிலை ஆய்வுக்காகக் கடற்பரப்பைக் கணினியில் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டர். பியர்சன்–மாஸ்கோவிட்ஸ் நிறமாலையை (காற்றின் வேகத்துக்கேற்ப எந்த அதிர்வெண் அலையில் எவ்வளவு ஆற்றல் என்று சொல்லும் சூத்திரத்தை) 0.05 ஹெர்ட்ஸ் முதல் 0.5 ஹெர்ட்ஸ் வரை சம இடைவெளியில் 540 கூறுகளாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு கூறின் வீச்சையும் நிறமாலையிலிருந்து நேரடியாகக் கணக்கிட்டு, கட்டத்தை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை) மட்டும் 0 முதல் 360 பாகைக்குள் சமவாய்ப்பு எண்ணாக எடுத்து, கொசைன் அலைகளைக் கூட்டுகிறேன். இப்படி 20 நிமிடப் பதிவுகள் 500 தயாரித்துவிட்டேன். ஐந்நூறிலும் குறிப்பிடத்தக்க அலை உயரம் (ஏறத்தாழ, மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரம்) 2.13 மீட்டர் என்றே வருகிறது. நிரல் பிழையின்றி இயங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? என் வழிகாட்டி மட்டும் ஏற்க மறுக்கிறார்.

பதில்: 6 பிப்ரவரி 2023, இரவு

உங்கள் வழிகாட்டி பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நீங்கள் சான்றாகக் காட்டும் அந்த ஒரே எண்தான் குறை.

உண்மைக் கடலில், காற்று சற்றும் மாறாமல் வீசிக்கொண்டிருந்தாலும், அடுத்தடுத்த இரண்டு 20 நிமிடப் பதிவுகள் ஒரே அலை உயரத்தைத் தருவதில்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட நிறமாலையின் வர்க்கத்தைத் தொகையிட்டுப் பார்த்தால் அந்தச் சிதறலை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். உச்சி அலையின் (ஆற்றல் மிகுந்த அலையின்) காலம் 7.3 நொடி, பதிவின் நீளம் 1,200 நொடி என்று வைத்துக்கொண்டால், அலை உயரத்தின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 3.7 விழுக்காடு, அதாவது சுமார் 8 சென்டிமீட்டர். ஐந்நூறு பதிவுகளில் பெரும்பாலானவை 1.97 மீட்டருக்கும் 2.29 மீட்டருக்கும் இடையே பரவியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பரவல் அறவே இல்லை.

காரணம் எளியது. உங்கள் கூறுகளின் இடைவெளி 1,200 நொடிக்கு ஒரு சுற்று. ஆகவே ஒவ்வொரு கொசைனும் பதிவுக்குள் முழுச் சுற்றுகளாகவே முடிகிறது. அப்போது நீர்மட்டத்தின் பரவற்படி (சராசரி மட்டத்திலிருந்து விலகும் அளவின் வர்க்கச் சராசரி), வீச்சுகளின் வர்க்கக் கூட்டுத்தொகையில் பாதி. அலை உயரத்தைக் கணக்கிடுவது இதிலிருந்துதான். அதில் கட்டத்துக்கு இடமே இல்லை. எத்தனை முறை கட்டத்தைக் குலுக்கினாலும் அந்தத் தொகை அசையாது.

ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் இயல்நிலைப் பரவலிலிருந்து ஒன்றையொன்று சாராத இரண்டு எண்களை எடுங்கள். ஒன்று கொசைனுக்கு, ஒன்று சைனுக்கு. வீச்சு தானாகவே ராலே பரவலில் (சமவாய்ப்பு அலைகளின் வீச்சுகளுக்குரிய பரவலில்) அமையும், கட்டம் தானாகவே சீராகப் பரவும். டக்கர், சாலனர், கார்ட்டர் ஆகிய மூவர் 1984-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். பரவலாக நிகழும் பிழை என்று அதன் தலைப்பே சொல்கிறது. நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன, இன்னும் பாடக் குறிப்புகளில் பழைய முறையே படியெடுக்கப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

7 பிப்ரவரி 2023

நேற்று எழுதியது வெறும் புள்ளியியல் நுணுக்கம் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக என் அனுபவத்தையும் எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், கடலில் மிதக்கும் ஒரு கலத்தின் நங்கூரச் சங்கிலியில் ஏறும் இழுவிசையைக் கணக்கிடும் பொறுப்பு எனக்கு வந்தது. இத்தகைய கலத்தை ஒரு தனி அலை பெரிதாக அலைக்கழிப்பதில்லை. பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்து கூட்டமாக வந்து, பிறகு சிறிது நேரம் அடங்கி, மறுபடியும் கூட்டமாக வரும்போது, அந்த மெதுவான ஏற்ற இறக்கம்தான் கலத்தைத் தள்ளி இழுத்துச் சங்கிலியை விறைக்க வைக்கிறது. ஆகவே அலைக்கூட்டங்கள் எவ்வளவு நீளம், எவ்வளவு வலிமை என்பதுதான் அங்கே முழுக் கேள்வியும். நான் செய்ததும் உங்களைப் போன்றதே: மாறாத வீச்சு, குலுக்கிய கட்டம், 20 நிமிடச் சுழற்சி. அதை மூன்று மணி நேரத்துக்கு ஓட்டி, மூன்று மணி நேரப் புயல் என்று பெயர் வைத்தேன்.

அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. பிறகு இழுவிசை வரைபடத்தைத் தற்செயலாகப் புரட்டிய ஓர் இளம் பொறியாளர், தொடக்கத்தில் ஏற்பட்ட ஆட்டம் அடங்கிய பிறகு, உச்ச இழுவிசை மிகச் சரியாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதை விரலால் தொட்டுக் காட்டினார். நான் மூன்று மணி நேரக் கடலைக் கணக்கிடவில்லை. 20 நிமிடக் கடலை ஒன்பது முறை கணக்கிட்டிருந்தேன். சம இடைவெளியில் அதிர்வெண்களை எடுத்தால், இடைவெளியின் தலைகீழ் எண்ணே கடலின் ஆயுள்; அதற்குப் பிறகு வருவது மறு ஒளிபரப்பு. அந்தக் கணக்கை முழுவதும் திரும்பச் செய்தோம். அன்றிலிருந்து எந்த அலைப் பதிவைப் பார்த்தாலும் முதலில் தேடுவது அதன் சுழற்சிக் காலத்தைத்தான்.

7 பிப்ரவரி 2023, மாலை

முதல் பதிலில் ஒரு திருத்தம். மாறாத வீச்சு முற்றிலும் தவறு என்ற பொருள்பட எழுதிவிட்டேன், அது மிகை. மூன்று மணி நேரச் சுழற்சி கொண்ட கடலை நெருக்கமான கூறுகளால் உருவாக்கி, அதிலிருந்து 20 நிமிடத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தால், துண்டின் நீளத்துக்குள் பிரித்தறிய முடியாத ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் ஒன்பது கூறுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, அந்த மோதலே வீச்சைச் சிதறடித்துவிடுகிறது. துண்டுகளுக்கிடையே வேண்டிய வேறுபாடு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பிழை மாறாத வீச்சில் மட்டும் இல்லை. மாறாத வீச்சும், பதிவின் நீளமும் சுழற்சியின் நீளமும் ஒன்றாயிருப்பதும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது.

8 பிப்ரவரி 2023

இன்னொரு வாசகர், ஒவ்வொரு பட்டைக்குள்ளும் அதிர்வெண்ணையே சிறிது தள்ளி வைத்தால் சுழற்சி உடைந்துவிடுமே என்று கேட்கிறார். உடையும். ஆனால் பல அலைகளை ஒரேயடியாக விரைந்து கூட்டித் தரும் விரைவு ஃபூரியர் உருமாற்றத்தைப் பயன்படுத்த முடியாமல் போகும். ஒரே புள்ளியில் அலை உயரம் போதுமென்றால் அந்த இழப்பு பொருட்டில்லை. பரப்பு முழுவதும் வேண்டுமென்றால் கட்டுப்படியாகாது.

11 பிப்ரவரி 2023

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில், இந்தப் பரப்பை எதற்குப் பயன்படுத்தப்போகிறார் என்பதைச் சொன்னார்: செயற்கைக்கோள் ரேடார் அலை கடலில் பட்டுத் திரும்புவதைக் கணக்கிடுவதற்காம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வேறு இடத்தில் தொடங்கியிருப்பேன். கடலுக்கு உயரம் ஒன்று, சாய்வு வேறொன்று. உயரத்தைத் தீர்மானிப்பவை நெடிய அலைகள். சாய்வைத் தீர்மானிப்பவை குறு அலைகள். உங்கள் 0.5 ஹெர்ட்ஸ் எல்லைக்கு அப்பால் வெட்டி எறிந்த பகுதியால் அலை உயரத்தில் இழப்பது 7 மில்லிமீட்டர் அளவே. சாய்வில் இழப்பதோ பாதிக்கும் மேல்.

எண்களைப் பார்ப்போம். பியர்சன்–மாஸ்கோவிட்ஸ் நிறமாலையின் வால், அதிர்வெண்ணின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது. 1958-இல் பிலிப்ஸ் பரிமாண வாதத்தால் (அலகுகள் பொருந்த வேண்டும் என்ற தர்க்கத்தால்) வருவித்த வடிவம் இது. அலை எண்ணுக்கு (ஒரு நீளத்துக்குள் எத்தனை அலைகள் என்பதற்கு) மாற்றி எழுதினால் மூன்றாம் அடுக்கு. சாய்வுக்காக அதை அலை எண்ணின் வர்க்கத்தால் பெருக்கித் தொகையிட்டால் மடக்கை வந்து நிற்கிறது, அதாவது வெட்டும் எல்லையை எவ்வளவு தள்ளிக்கொண்டே போனாலும் தொகை ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில், 1 மீட்டர் அலைநீளம் வரை சேர்த்தால் சாய்வு வர்க்கச் சராசரி 0.016, 10 சென்டிமீட்டர் வரை சேர்த்தால் 0.026, ஈர்ப்பு அலைச் சூத்திரம் செல்லுபடியாகாத 1 சென்டிமீட்டர் வரை வலிந்து இழுத்தாலும் 0.035.

கடல் சொல்லும் எண் என்ன? காக்ஸ், மங்க் என்ற கடலாய்வாளர்கள் இருவரும் ஹவாய்த் தீவுகளில் மௌயி அருகே விமானத்திலிருந்து, கடலில் சூரிய ஒளி சிதறி மின்னுவதைப் படமெடுத்து, அந்த மின்னலின் பரவலிலிருந்து சாய்வைக் கணக்கிட்டு 1954-இல் வெளியிட்டார்கள். அவர்கள் தந்த நேர்கோட்டின்படி, நொடிக்கு 10 மீட்டர் காற்றுக்குச் சாய்வு வர்க்கச் சராசரி 0.054. நம் நிறமாலையை எவ்வளவு நீட்டினாலும் அங்கே போய்ச் சேரவில்லை.

அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கடலில் எண்ணெயைப் பரப்பி, சுமார் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த அலைகளை அடக்கிவிட்டு, மறுபடியும் படமெடுத்தார்கள். எண்ணெய் படர்ந்த நீருக்கான அவர்களுடைய கோட்டில் அதே காற்றுக்குக் கிடைப்பது 0.024. நான் பியர்சன்–மாஸ்கோவிட்ஸ் நிறமாலையை 30 சென்டிமீட்டரில் வெட்டிக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 0.021. முதல் முறை இந்த எண் வந்தபோது எங்கோ தவறியிருக்கிறேன் என்று நினைத்து மூன்று முறை திரும்பக் கணக்கிட்டேன். கப்பல்களில் பதிவான அலைகளை வைத்து 1964-இல் பொருத்திய ஒரு சூத்திரம், அதற்குப் பத்தாண்டுகள் முன்பு முற்றிலும் வேறொரு வழியில் எடுத்த ஒளிப்படங்களோடு இவ்வளவு நெருங்கி நிற்கிறது. நெடிய அலைகளுக்கு அந்த நிறமாலையை நம்பலாம். எண்ணெய் துடைத்தெடுத்த குறு அலைகளுக்கு அதனிடம் விடை இல்லை. அந்தப் பகுதிக்கென்று எல்ஃபூஹைலியும் உடன் ஆய்ந்தவர்களும் 1997-இல் தந்த ஒருங்கிணைந்த நிறமாலையைப் போன்ற ஒன்றை எடுத்தாக வேண்டும். அதன் குறு அலைப் பகுதி, காக்ஸ்–மங்க் சாய்வுகளோடு ஒத்துப்போகுமாறே அமைக்கப்பட்டது.

11 பிப்ரவரி 2023, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதன் தொடர்ச்சி. மிதவைத் தரவை வைத்து இந்தக் குறையைச் சரிசெய்யலாமா என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரைகளில் மிதக்கும் அலைமானி மிதவைகளில் பல நொடிக்கு 1.28 முறை நீர்மட்டத்தைப் பதிகின்றன. அப்படியானால் அவை பிரித்தறியக்கூடிய மிகக் குறைந்த அலைக்காலம் சுமார் 1.56 நொடி, ஆழ்கடலில் அது 3.8 மீட்டர் நீள அலை. அதற்குக் குறைந்த எதையும் மிதவை காண்பதில்லை. உயரத்துக்கு அது நல்ல சாட்சி, சாய்வுக்குச் சாட்சியே இல்லை.

15 பிப்ரவரி 2023

ரேடாருக்கு எவ்வளவு நுண்ணிய பரப்பு வேண்டும்? 2009-இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-2 செயற்கைக்கோளில் இருந்த காற்றுமானி ரேடார் 13.515 கிகாஹெர்ட்ஸில் இயங்கியது. அதன் அலைநீளம் 2.2 சென்டிமீட்டர். செங்குத்திலிருந்து சுமார் 49 பாகை சாய்வில் பார்க்கும்போது, பிராக் ஒத்திசைவால் (ரேடார் அலையோடு நீளம் பொருந்தும் நீரலைகளே வலுவாக எதிரொலிப்பதால்) அதற்குப் பதில் தருபவை ஒன்றரை சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகள். காற்று தொட்டவுடன் நீரில் எழுந்து, காற்று நின்றவுடன் மடிந்துவிடும் அந்தச் சிற்றலைகளால்தான் விண்ணிலிருந்து காற்றை அளக்க முடிகிறது.

இப்போது புள்ளிவலையைக் கணக்கிடுங்கள். உச்சி அலை 83 மீட்டர் நீளம்; அத்தகைய அலைகள் பன்னிரண்டாவது இருக்க வேண்டுமென்றால் பரப்பின் பக்கம் 1 கிலோமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் அலைக்கு நான்கு புள்ளிகளாவது வேண்டுமென்றால் புள்ளிகளின் இடைவெளி 4 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கு 2,50,000 புள்ளிகள். பரப்பு முழுவதற்கும் 6,250 கோடி புள்ளிகள். நீர்மட்டத்தைச் சேமித்து வைக்க மட்டுமே 500 கிகாபைட் ஆகும். அதன் மேல் மின்காந்தச் சிதறலைத் தீர்ப்பது வேறு கதை. இதனால்தான் பலரும் ஒற்றைப் பரிமாணக் கோட்டுப் பரப்போடு நின்றுவிடுகிறார்கள்; அல்லது நெடிய அலைகளின் சாய்ந்த முகத்தில் குறு அலைகள் தனியே ஏறி நிற்பதாகக் கொள்ளும் இரட்டை அளவு மாதிரியைக் கைக்கொள்கிறார்கள். நான் இரண்டாவது வழியின் பக்கம். ஒற்றைப் பரிமாணக் கடலில் அலைகளின் முகடு முடிவில்லாச் சுவரைப் போல நீண்டு கிடக்கிறது. குறுக்குவாட்டுச் சாய்வு இல்லாத அப்படியொரு கடல் எங்குமே இல்லை.

16 பிப்ரவரி 2023

இருபரிமாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2001-இல் டெசண்டார்ஃப் எழுதிய குறிப்புகள் வழியாகப் பரவிய முறை, திரைப்படக் கணினி வரைகலையில் கடலை உருவாக்கப் பெரிதும் பயன்படுகிறது. அங்கே, அலைத் திசைக்கும் காற்றுத் திசைக்கும் இடையிலான கோசைனின் வர்க்கத்தால் நிறமாலையைப் பெருக்குவார்கள். வர்க்கம் என்பதால் காற்றோடு செல்லும் அலைக்கும் காற்றை எதிர்த்துச் செல்லும் அலைக்கும் ஒரே ஆற்றல் கிடைத்துவிடுகிறது. ஒரே ஒரு கணத்தின் பரப்பைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. காலத்தை ஓடவிட்டால், எதிரெதிர் அலைகள் சந்திக்கும் இடங்களில் கடல் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். எதிர்த்திசைப் பகுதியை நீக்குங்கள், அல்லது லாங்கெட்-ஹிக்கின்ஸ், கார்ட்ரைட், ஸ்மித் மூவரும் 1963-இல் தந்த அரைக்கோணக் கோசைன் அடுக்கு வடிவத்தை எடுங்கள்.

21 பிப்ரவரி 2023

முதல் நாள் நான் இயல்நிலைப் பரவலை அவ்வளவு உறுதியாகப் பரிந்துரைத்தேன். அதற்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையாகிவிடும்.

1995 ஜனவரி 1 அன்று வட கடலில் நார்வேயின் டிராப்னர் மேடையில் கீழ்நோக்கிய லேசர் கருவி ஓர் அலையைப் பதிந்தது. அப்போது குறிப்பிடத்தக்க அலை உயரம் 11.9 மீட்டர், அந்த ஓர் அலையின் உயரம் 25.6 மீட்டர், முகடு மட்டும் சராசரி நீர்மட்டத்துக்கு மேல் 18.5 மீட்டர். நம் நேரியல் கடலிடம் (கொசைன்களை வெறுமனே கூட்டிய கடலிடம்) இரண்டு கேள்விகளைக் கேட்டேன். இவ்வளவு உயரமான அலை எத்தனை அலைகளுக்கு ஒருமுறை வரும்? ராலே பரவலின்படி ஏறத்தாழ 10,500-க்கு ஒன்று; அலைக்கு 12 நொடி என்று வைத்தால், அதே புயல் ஒன்றரை நாள் வீசினால் ஒன்றை எதிர்பார்க்கலாம். அரிதுதான், ஆனால் வியப்பில்லை. இவ்வளவு உயர்ந்த முகடு எத்தனை அலைகளுக்கு ஒருமுறை வரும்? ஏறத்தாழ 25 கோடிக்கு ஒன்று. அதே புயல் 90 ஆண்டுகளுக்கு மேல் ஓயாமல் வீச வேண்டும்.

ஒரே அலை, ஒரே மாதிரி, இரண்டு விடைகள். உயரத்தைக் கேட்டால் மாதிரி தாங்குகிறது, முகட்டைக் கேட்டால் முறிந்துவிடுகிறது. கொசைன்களைக் கூட்டி வரும் பரப்பில் மேடும் பள்ளமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்; மெய்யான அலையில் முகடு கூர்ந்து உயர்கிறது, பள்ளம் தட்டையாகி மேலேறுகிறது. முகடு ஏறிய அளவுக்குப் பள்ளமும் ஏறுவதால் உயரம் அதிகம் மாறுவதில்லை, முகடு மட்டும் மாறிவிடுகிறது. ஒவ்வோர் இணைக் கூறுகளும் சேர்ந்து எழுப்பும் இரண்டாம் படித் திருத்தத்தைச் சேர்த்தால் இந்தச் சமச்சீரின்மை வருகிறது. 540 கூறுகளென்றால் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான இணைகள். இன்றைய கணினிக்கு அது சுமையே இல்லை. எண்ணெய்க் கிணற்று மேடையின் கீழ்த்தளத்தை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று தீர்மானிக்கிறவர் இதைத் தவிர்த்தால், அங்கே வேலை செய்யும் மனிதர்களின் உயிரோடு விளையாடுகிறார் என்றே சொல்வேன்.

22 பிப்ரவரி 2023

எந்த நிறமாலை என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பியர்சன்–மாஸ்கோவிட்ஸ், வட அட்லாண்டிக்கில் முழு வளர்ச்சியடைந்த கடலுக்குரியது. ஜான்ஸ்வாப் என்ற இன்னொரு நிறமாலை, 1968, 1969 ஆண்டுகளில் ஜெர்மனியின் சில்ட் தீவிலிருந்து மேற்கே 160 கிலோமீட்டர் வரை அளவுக் கருவிகளை வரிசையாக நிறுத்தி, 1973-இல் வெளியானது. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கடலுக்குரியது. அதன் உச்சி, பியர்சன்–மாஸ்கோவிட்ஸ் வடிவத்தின் உச்சியைப் போலச் சராசரியாக 3.3 மடங்கு. இரண்டுமே ஒற்றை உச்சி கொண்டவை.

கேரளக் கரையிலோ கன்னியாகுமரிக் கரையிலோ ஒரு மிதவைப் பதிவை எடுத்துப் பார்த்தால் பல நாள்களில் இரண்டு உச்சிகள் தெரியும்: உள்ளூர்க் காற்று எழுப்பிய குறுகிய அலை ஒன்று, அண்டார்டிக்காவைச் சுற்றிய தென்பெருங்கடலில் பிறந்து வந்த நெடிய அலை ஒன்று. 16 நொடிக் காலமுள்ள அலையின் ஆற்றல் ஆழ்கடலில் நாளொன்றுக்குச் சுமார் 1,080 கிலோமீட்டர் நகரும். ஆகவே நாலைந்து நாளுக்கு முன் அங்கே அடித்த புயல், இங்கே காற்றே இல்லாத காலை வேளையில் கரையேறுகிறது. மலையாளத்தில் கள்ளக்கடல் என்பது இதைத்தான். ஒற்றை உச்சி நிறமாலையில் அலை உயரத்தை மட்டும் பொருத்தி ஓட்டினால், அந்த நெடிய அலையின் ஆற்றல் முழுவதும் தவறான அதிர்வெண்ணில் போய்க் குவிந்துவிடும். ஓச்சியும் ஹப்பிளும் 1976-இல் தந்த ஆறு அளவுருக்கள் கொண்ட இரட்டை உச்சி வடிவம் போன்ற ஒன்றையே நம் கரைக்கு நான் எடுப்பேன்.

கேள்வி கேட்டவர்: 2 மார்ச் 2023

இரண்டு இயல்நிலை எண்கள் முறைக்கு மாற்றி 500 பதிவுகளையும் மறுபடியும் உருவாக்கினேன். சராசரி 2.13 மீட்டர், திட்டவிலக்கம் 0.08 மீட்டர். வழிகாட்டி வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எல்ஃபூஹைலி நிறமாலையை இனித்தான் தொடங்க வேண்டும்.

2 மார்ச் 2023, இரவு

மகிழ்ச்சி. ஒவ்வொரு பதிவுக்கும் சமவாய்ப்பு எண்களைப் பிறப்பிக்கப் பயன்படுத்திய தொடக்க விதை எண்ணைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து 317-ஆம் பதிவில் மட்டும் ஏதோ விசித்திரம் தெரிந்தால், அதே கடலை மறுபடியும் எழுப்பிப் பார்க்க வேறு வழி கிடையாது.

3 மார்ச் 2023

நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஒன்று இப்போதுதான் உறைத்தது. நொடிக்கு 10 மீட்டர் என்றீர்களே, அந்தக் காற்று எந்த உயரத்தில் அளந்தது? பியர்சன்–மாஸ்கோவிட்ஸ் சூத்திரம் 19.5 மீட்டர் உயரக் காற்றை எதிர்பார்க்கிறது. காக்ஸும் மங்கும் சுமார் 12.5 மீட்டர் உயரக் காற்றைக் கொண்டார்கள். இன்றைய வானிலைத் தரவுகளும் செயற்கைக்கோள் தரவுகளும் 10 மீட்டர் உயரக் காற்றையே தருகின்றன. பிப்ரவரி 11 அன்று நான் மூன்றையும் ஒரே எண்ணாகப் பாவித்து ஒப்பிட்டேன். அந்த ஒப்பீட்டின் முதல் இலக்கம் நிற்கும், இரண்டாம் இலக்கத்தை நம்ப வேண்டாம்.

உங்கள் காற்று 10 மீட்டர் உயரத்தில் அளந்ததென்றால், 19.5 மீட்டரில் அது ஏறத்தாழ 10.26. அலை உயரம் காற்றின் வர்க்கத்தோடு ஏறுவதால் 2.13 மீட்டர் 2.24 ஆகிறது. இந்த 11 சென்டிமீட்டர், நாம் ஒரு மாதமாகப் பேசிய 8 சென்டிமீட்டர் சிதறலைவிடப் பெரியது. தரவு வந்த இடத்தில் காற்றுமானியின் உயரத்தைக் கேட்டு எழுதுங்கள். அதன் பிறகு ஐந்நூறையும் மறுபடியும் ஓட்டலாம்.